வலிக் குறிப்பேடு

தினமும் எழுதுங்கள் என்று
வழக்கறிஞர் ரெனாட்டா பிலெக்
மஞ்சள் அட்டை நோட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.
எது முடியவில்லை, யார் உதவியது.
அழகாக எழுத வேண்டாம். தேதி மட்டும் தவறக் கூடாது.

ஈரி நகரில், ஏரிக்கரைத் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருடம் குழாய் பற்றவைத்தவன் நான்.
அதற்கு முன் கடைசியாக எழுதிய முழு வாக்கியம்
தபால்காரருக்கு: நாய் கடிக்காது.

அக்டோபர் 3. எட்டு. காலுறை மாட்ட முடியவில்லை.
அக்டோபர் 4. எட்டு. அதே காலுறை.
அக்டோபர் 9. ஏழு. தும்மினேன், பிறகு ஒன்பது.
அக்டோபர் 17. மகள் மாவிஸ் வந்து தலைக்குக் குளிப்பாட்டினாள்.
எண் போடவில்லை.
அது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

விபத்தைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை.
அது போலீஸ் அறிக்கையில் இருக்கிறது:
பூக்கடை வேன், மருந்துக்கடைக்குள் நுழைய
இடப்பக்கம் திரும்பியது.
எதிரே நான், பச்சை சிக்னலில், முகப்பு விளக்கு எரிய.
ஓட்டிய பெண் சொன்னது ஒன்றுதான்:
பார்த்தேன், தெரியவில்லை.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
ஒரு காற்புள்ளி அகலத்தில்
என் தொடை எலும்பு மூன்றாய் முறிந்திருக்கிறது.

நவம்பர். ஏழு, ஏழு, ஏழு.
காப்பீட்டுக் கம்பெனி ஒரு தொகை சொல்லிக் கடிதம் போட்டது.
பிலெக் அதை நாலாய் மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 11.
பக்கத்து வீட்டு டெல்பர்ட் என்னைச்
சறுக்குவண்டியில் உட்காரவைத்து
உறைந்த வளைகுடாவின் நடுவரை இழுத்துப் போனான்.
பனியில் துளை போட்டோம். பதினான்கு பெர்ச் மீன்.
பதினைந்தாவதைப் பிடிக்கப் பாய்ந்தவன்
துளைக்குள் காலை விட்டு
வெறுங்காலை வெளியே எடுத்தான்.
அன்று ராத்திரி எழுதினேன்:
பூஜ்யம். டெல்பர்ட்டின் பூட்ஸை ஏரி எடுத்துக்கொண்டது.
வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எதிர்த்தரப்பு நோட்டைக் கேட்டது. கொடுத்துத்தான் ஆகவேண்டும்.
கிழி என்று பிலெக் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.
அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி
ஜன்னல் வழியே கார்களை நெடுநேரம் பார்த்தார்.
பிறகு, இதுவும் உங்கள் கையெழுத்துதான், என்றார்.

வாக்குமூல அறை.
பெரிய தண்ணீர் ஜாடி, யாரும் குடிக்கவில்லை.
கம்பெனி வக்கீல் செய்தி வாசிக்கிற குரலில் படித்தார்.
பூஜ்யம் என்று எழுதியது நீங்கள்தானே?
நான்தான்.
வயிறு வலிக்க என்றால், அது எத்தனை?
அதற்கு எண் கிடையாது.
அன்று வலி இல்லை?
அன்று இல்லை. மறுநாள் ஒன்பது. அடுத்த பக்கம், அதையும் படியுங்கள்.
அவர் மூடிவைத்தார்.

மேசைக் கோடியில் பூக்கடைப் பெண், லோர்னா ஹாஸ்கெட்.
எட்டு மாதமாய் என் முகத்தைப் பார்க்காதவர்
பூட்ஸ் என்ற இடத்தில் பக்கென்று சிரித்துவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டார்.
பதிவுசெய்த பெண்ணின் விரல்கள் அதற்கு நகரவில்லை.

ஜூலையில் முடிந்தது.
அந்தப் பூஜ்யம் முப்பதாயிரம் டாலரைத் தின்றது என்றார் பிலெக்.
வெறும் பூஜ்யத்துக்கு அவ்வளவு பசி.
வந்ததில் மூன்றில் ஒன்று அவருக்கு.
மருத்துவமனைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.
மீதியில் வீட்டுக் கூரையை மாற்றினேன்.
டெல்பர்ட்டுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்,
ஒன்று போதும் என்றான்.

நோட்டு திரும்பி வந்திருக்கிறது,
பக்கத்துக்குப் பக்கம் எண் முத்திரையோடு.
கடைசியில் பதினோரு தாள் காலி.
இனி யாருக்கும் தேதி வேண்டாம்.

ஆகஸ்ட் 2. ஐந்து இருக்கலாம்.
வலதுகால் காலுறை, நானே மாட்டினேன்.
இடதை வெறுமனே செருப்பில் நுழைத்துக்கொண்டு
ரொட்டி வாங்கப் போனேன்.
சுற்றுவழி. பூக்கடைப் பக்கம் போகவில்லை.